பாதியில் விட்டவள்

கடந்த தை மாதம், நான் கணக்கு எழுதும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓர் அம்மாவும் மகளும் நகை அடகு வைக்க வந்தார்கள். இரண்டு வளையல். மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். விமான நிலைய வேலைக்கான ஒரு வருடப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சி நிறுவனமே ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டி, அம்மா பெயரில் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறது. மாதத் தவணை இரண்டு மாதமாகத் தவறிவிட்டது. அதைக் கட்டத்தான் வளையல்.

அம்மா கையெழுத்துப் போட நகர்ந்தபோது அந்தப் பெண் என் மேசை அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: “படிப்ப விட்டுட்டா தவணை நின்னுருமா அக்கா?”

“நிக்காது. கம்பெனிக்காரன் மொத்தப் பணத்தையும் அவங்களுக்கு அப்பவே கட்டியிருப்பான். நீ போனாலும் போகாட்டாலும் உங்க அம்மா கட்டித்தான் ஆகணும்.”

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்: “அப்போ விடுதது தப்பா?”

முதல் கேள்வி என் வேலையைச் சேர்ந்தது. அதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். இரண்டாவது கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வளையல்கள் உறைக்குள் போய், உறை பெட்டகத்துக்குள் போனது. எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நானும் கடன் வாங்கிப் படித்து, பாதியில் விட்டவள்.

*

2010ல் பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் செவிலியர் பள்ளியில் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அம்மா பீடி சுற்றுபவர். அப்பா கேரளாவில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். அங்கிருந்து வரும் பணம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும். முதல் வருடக் கட்டணம் நாற்பதாயிரம் ரூபாயை அம்மா மகளிர் குழுவில் கடனாக வாங்கினார். எங்கள் பக்கத்தில் நர்சிங் படித்த பெண் என்றால் ஒரு குடும்பமே கரையேறியது போல. யாரோ ஒருத்தி குவைத்துக்குப் போய் வீடு கட்டியிருப்பாள். அந்த வீட்டைக் காட்டித்தான் எல்லா வீட்டிலும் பெண்களைச் சேர்த்தார்கள்.

எட்டாவது மாதம் எனக்குத் தெரிந்துவிட்டது, இது எனக்கு ஆகாது என்று. அதை இங்கே சரியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தைப் பார்த்து நான் மயங்கவில்லை. பாடம் கடினமாக இல்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை. விடுதியில் சாப்பாடு மோசம்தான், ஆனால் வீட்டிலும் நான் ஒன்றும் விருந்து சாப்பிட்டு வளர்ந்தவள் இல்லை. யாரும் என் மேல் கை வைக்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது எனக்குள் ஒன்றும் அசையவில்லை, அவ்வளவுதான். ஓர் இரவு ஒரு பாட்டி தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, விடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அன்று மட்டுமல்ல, எல்லா இரவும் எண்ணினேன். கூடப் படித்தவர்களும் களைத்துப்போனார்கள், அழுதார்கள், மறுநாள் ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்ததைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

எட்டாவது மாதம் தெரிந்ததை நான் அம்மாவிடம் சொன்னது பதினாறாவது மாதத்தில். இடையில் இரண்டாம் வருடக் கட்டணம் வந்தது. அம்மா மூன்று பவுன் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு என்னைப் பேருந்து ஏற்றிவிட்டார். அந்தக் கயிற்றைப் பார்த்தபடி நான் கையசைத்தேன். அன்றும் சொல்லவில்லை.

சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: “எவனும் எதுவும் செஞ்சானாட்டி?”

“இல்லம்மா.”

“மேடம் யாரும் அடிச்சாகளா?”

“இல்ல.”

“பொறவு? எவனையும் மனசுல நெனச்சிருக்கியா?”

“அதெல்லாம் இல்லம்மா. எனக்குப் பிடிக்கல.”

அம்மா நம்பவில்லை. பெரியப்பா நம்பவில்லை. ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஒரு பெண் படிப்பை விட்டு வீட்டுக்கு வருவதற்கு அவர்களிடம் இரண்டே காரணங்கள் இருந்தன: ஒன்று காயம், மற்றொன்று காதல். முதலாவது என்றால் பரிதாபம், இரண்டாவது என்றால் அடி. ‘பிடிக்கவில்லை’ என்பது அவர்களுடைய பட்டியலில் இல்லை. இதைவிடப் பெரிய கடனில் பொறியியல் படித்த என் பெரியப்பா மகன் இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தபோது இதே ஊர் என்ன சொன்னது? “அவனுக்கு அதுல நாட்டம் இல்ல, வேற பாத்துக்கிடுவான்.” நாட்டம் ஆண்பிள்ளைக்கு இருக்கலாம். பெண்பிள்ளை விலக வேண்டும் என்றால் அவளுக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

திருமணத்திலும் இதுதானே? அடிக்கிறான், குடிக்கிறான் என்றால் விலக அனுமதி உண்டு, அதுவும் பல வருடம் தாங்கிய பிறகு. நல்லவன்தான், ஆனால் வாழ முடியவில்லை என்று சொல்லும் பெண்ணை யாரும் புரிந்துகொள்வதில்லை. நாம் விலகுவதற்கு முன்னால் ஒரு காயத்தைக் காட்ட வேண்டும். காயம் இல்லாதவள் காயம் வரும்வரை காத்திருக்கிறாள், இல்லையென்றால் ஒன்றைக் கற்பனை செய்கிறாள். என் விடுதியில் ஒரு பெண் வீட்டுக்குப் போவதற்காகத் தனக்குப் பேய் பிடித்திருப்பதாக ஆடினாள். நாங்கள் சிரித்தோம். இப்போது யோசித்தால், ‘பிடிக்கவில்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லாத இடத்தில் பேய்க்குத்தான் மதிப்பு இருந்தது.

*

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வாங்கிய பணமும் கடன்தான், செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். காலைக்கடன், நன்றிக்கடன், நேர்த்திக்கடன், பெற்ற கடன். வங்கிக்குக் கட்டுவதையும் சாமிக்குச் செய்வதையும் அம்மாவுக்குச் செய்வதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 312ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவருக்கும் உரிய பணியை இந்தச் சொல்லால்தான் வரிசைப்படுத்துகிறது. பாடியவர் ஒரு பெண், பேசுபவள் ஒரு தாய். ஆனால் அந்த வரிசையில் மகள் இல்லை. அவளுக்கு என்ன கடன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது நம் வழக்கம்.

நான் விலகியபோது ‘கடன்’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்கள் என் தலைமேல் ஏறின. அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆனது.

முதலாவது, பணம். குழுவில் வாங்கிய நாற்பதாயிரமும் நகையின் மேல் வாங்கிய நாற்பதாயிரமும். இதில் தத்துவம் எதுவும் இல்லை. வாங்கினால் கட்ட வேண்டும். படிப்பு முடிந்தாலும் கட்ட வேண்டும், முடியாவிட்டாலும் கட்ட வேண்டும். நான் வந்து சேர்ந்த வாரம் அம்மாவின் குழுக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை பாதியில் வந்துவிட்டாளாம், இனி தவணை எப்படி வரும் என்று. ஒருத்தியின் தவணை நின்றால் குழுவில் மற்றவர்களுக்கு அடுத்த கடன் கிடைப்பது சிக்கலாகும், அதனால் அவர்கள் பயந்ததில் தவறில்லை. அப்போது குழுவில் மூத்த ஒரு பெரியம்மா சொன்னாராம்: “நான் மாடு வாங்கக் கடன் வாங்குனேன். மாடு செத்துப்போச்சு. கடனக் கெட்டுனேனா இல்லியா? செத்த மாட்டப் போட்டுத் திட்டிக்கிட்டா இருந்தேன்?”

என்னைச் செத்த மாட்டோடு ஒப்பிட்டதில் அன்று எனக்குக் கோபம். இன்று யோசித்தால், அந்த ஊரில் எனக்குச் சார்பாகச் சொல்லப்பட்ட ஒரே நியாயமான வாதம் அதுதான். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது பணம். அந்தப் பணத்தால் வாங்கிய மாடு பால் கொடுத்ததா, படிப்பு வேலை கொடுத்ததா என்பது வேறு கணக்கு. கடனைக் கட்டுவதாகச் சொல்லும் பெண்ணிடம் அதற்கு மேல் அவள் வாழ்க்கையையும் கேட்க எந்தக் கடன்காரருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, நிறுவனத்துக்கு நான் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்கு. “மூணு வருசம் படிக்கிறதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார்கள். மூன்றாம் வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் தருவோம் என்றார்கள். நான் படிக்கப்போகாத வருடத்துக்கு நான் பணம் கட்ட வேண்டும். ஒரு வருடம் அந்தத் தாள்கள் இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் சேர முடியவில்லை. கடைசியில் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அக்கா எழுதிய ஒரே ஒரு கடிதத்தில் வந்துவிட்டன. உரிமை இருந்திருந்தால் ஒரு கடிதத்துக்கா கொடுப்பார்கள்?

இந்த நிறுவனங்கள் ‘பாதியில்’ என்ற சொல்லை வைத்துத்தான் பிழைக்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இளம்பெண்களை மூன்று வருடத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் திருமணச் செலவுக்கு என்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். பாதியில் விலகியவளுக்கு அந்தத் தொகை இல்லை. அது அவளுடைய கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. முப்பது மாதம் உழைத்தவளும் ‘பாதியில் விட்டவள்’ ஆனாள். அங்கே கூலியைப் பிடித்து வைத்தார்கள், இங்கே சான்றிதழைப் பிடித்து வைக்கிறார்கள். இரண்டிலும் வேலை செய்வது ஒரே கணக்கு: போன பணத்துக்குப் பயந்து பெண் மிச்ச வருடங்களையும் கொடுத்துவிடுவாள்.

போனது போனதுதான். இருந்தாலும் வராது, விலகினாலும் வராது. முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது இனி என்ன செலவாகும், இனி என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே. இதைக் கணக்கு எழுதும் எவரும் சொல்வார்கள். ஆனால் ஒரு பெண்ணிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. “இவ்வளவு கட்டியாச்சே” என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கனமானது. அம்மாவுக்கு நான் பட்ட கடன்.

*

அந்த நாட்களில் நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு அன்று கிடைத்த கூலிக்கு, நாற்பதாயிரம் ரூபாய் என்றால் சுமார் ஐந்து லட்சம் பீடி. நாளுக்கு எழுநூறு வீதம், ஞாயிறும் பொங்கலும் இல்லாமல் சுற்றினால் இரண்டு வருடம். இரண்டு நாற்பதாயிரத்துக்கு நான்கு வருடம். வட்டி இதில் சேரவில்லை. மடியில் சுளகோடு, குனிந்த முதுகோடு, தூள் நெடியில் இருமிக்கொண்டு ஓர் அம்மாவின் நான்கு வருடம்.

பெண்ணியம் பேசும் நாம் நேராகப் பார்க்க வேண்டிய இடம் இது. ‘என் வாழ்க்கை, என் விருப்பம்’ என்று சொல்வது எளிது. என் விருப்பத்தின் விலையை இன்னொரு பெண் பீடி சுற்றிக் கட்டுகிறாள் என்றால், அந்த விருப்பத்தை எப்படிச் சுதந்திரம் என்று சொல்வது? பணக்கார வீட்டுப் பெண்ணின் ‘பிடிக்கவில்லை’க்கு விலை இல்லை. என்னுடைய ‘பிடிக்கவில்லை’க்கு விலை பத்து லட்சம் பீடி.

ஆகவே ஏழைப் பெண்ணுக்குப் பிடிக்காமல் போக உரிமை இல்லை என்று முடித்துவிடலாமா? அப்படித்தான் ஊர் முடித்தது. என்னால் முடியவில்லை. வறுமை ஒரு முடிவின் விலையைக் கூட்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமையைப் பறிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. எண்பதாயிரத்துக்காக நாற்பது வருடம் நோயாளிகளின் படுக்கையருகே மணி எண்ணிக்கொண்டு நின்றிருந்தால் அம்மாவின் கடன் தீர்ந்திருக்குமா? தண்ணீர் கேட்ட அந்தப் பாட்டிக்கு என்ன பதில்? இந்தக் கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1979ல் வெளிவந்தது. அவருடைய பதில் முதலில் அதிர்ச்சியாக இருக்கும்: ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பெற்றோருக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்பதல்ல அவர் வாதம். கடன் என்ற சொல்லே அந்த உறவுக்குப் பொருந்தாது என்பதுதான். அந்நியர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய உதவிக்குக் கணக்கு உண்டு, திருப்பிச் செய்தால் தீர்ந்துவிடும். நட்பில் அப்படி இல்லை. நண்பருக்கு நாம் செய்வது அவர் முன்னர் எவ்வளவு செய்தார் என்பதைப் பொறுத்தல்ல, இப்போது அவருக்கு என்ன தேவை, நம்மால் என்ன முடியும் என்பதைப் பொறுத்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்க வேண்டியது அந்த அன்பின் கடமைதான் என்றார் அவர்.

இதை முதலில் படித்தபோது பெரிய பாரம் இறங்கியது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் அன்பே வட்டிக்கு வாங்கியதாக இருக்கிறதே! அம்மா எனக்குக் கொடுத்தது அன்பு. ஆனால் அந்த அன்பு குழுவின் நோட்டிலும் அடகுச் சீட்டிலும் தேதியோடும் தொகையோடும் எழுதப்பட்டிருந்தது. எங்களைப் போன்ற வீடுகளில் உறவையும் கணக்கையும் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது. பணத்தைக் கட்டாமல் ‘அன்புக்குக் கணக்கில்லை’ என்று சொல்லும் மகள், அம்மாவைத் தனியாகக் கணக்கின் முன் நிறுத்திவிட்டுப் போகிறாள்.

அதனால் ஜேன் இங்கிலிஷ் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அம்மாவின் தியாகம் என் வாழ்க்கைக்கு அவரை உரிமையாளராக ஆக்காது. ஆனால் அம்மாவின் பெயரில் நிற்கும் பணம் என்னுடையதும்தான். நான் ஓர் அரிசிக் கடையில் ரசீது போடும் வேலைக்குப் போனேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு அம்மா கையில் கொடுத்தேன். மூன்று வருடம் ஆனது சங்கிலியை மீட்க. அஞ்சல் வழியில் பி.காம். படித்தது அதற்குப் பிறகு.

இதைச் சொல்லி, ‘பார், கடைசியில் நன்றாக வந்துவிட்டாள், எனவே விலகியது சரி’ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு இந்த வேலை கிடைக்காமல் போயிருக்கலாம். என்னோடு படித்து முடித்தவர்களில் பலர் இன்று என்னைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார்கள். விலகியவள் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பதும் ஒரு கடன்தான், அதையும் நம் தலையில்தான் ஏற்றுகிறார்கள். பிடிக்காத ஒன்றை விட்டு, சாதாரணமாக வாழவும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு.

*

அப்படியானால் நான் எந்தத் தவறும் செய்யவில்லையா? செய்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இலை வெட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “துட்டு போனா போவுது, சுத்தி அடச்சிருவேன். தெரிஞ்சிக்கிட்டே எட்டு மாசம் என்ட்ட சொல்லாம இருந்திருக்க பாத்தியா, அத நான் எங்கன போயி அடைக்க?”

பதினான்கு வருடமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. முதல் நாற்பதாயிரம், அம்மாவும் நானும் தெரியாமல் சேர்ந்து எடுத்த முடிவு. பதினேழு வயதில் யாருக்கு என்ன தெரியும்? அது பொய்த்துப்போனதில் யார்மேலும் குற்றமில்லை. இரண்டாவது நாற்பதாயிரம் அப்படியல்ல. அம்மா சங்கிலியைக் கழற்றியபோது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் எடுக்க வேண்டிய முடிவை, உண்மையை மறைத்ததன் மூலம் நானே எடுத்துவிட்டேன். விலகியது தவறல்ல, எட்டு மாதம் வாய் மூடி இருந்தது தவறு.

கரோல் கில்லிகன் 1982ல் வெளியிட்ட ‘வேறொரு குரலில்’ என்ற நூலில், கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்த பெண்களோடு பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் ‘நல்லவளாக’ இருப்பதைத் தன்னைத் தியாகம் செய்வதோடு ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். பிறகு சிலர் ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள்: அக்கறைக்குரியவர்களில் தானும் ஒருத்தி. அந்த இடத்தில் அவர்களுடைய அளவுகோல் நல்லவளாக இருப்பதிலிருந்து உண்மையாக இருப்பதற்கு மாறுகிறது என்கிறார் கில்லிகன். நான் அந்த எட்டு மாதமும் நல்ல மகளாக இருந்தேன். உண்மையான மகளாக இல்லை. நல்ல மகளாக இருந்ததன் விலை மூன்று பவுன்.

ஆனால் அந்த மௌனம் முழுவதும் என்னுடையதல்ல. ‘பிடிக்கவில்லை’ என்று முதல் வருடமே சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். காயத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்றால் காயமில்லாதவள் கதவருகே வருவதில்லை. அவள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு தவணையாகிறது. பெண்ணை எளிதாக விலக விடாத ஊர்தான் அந்தக் கடனைப் பெருக்குகிறது. கட்டுவது மட்டும் அவளும் அவள் அம்மாவும்.

*

எல்லாச் சலிப்புக்கும் எழுந்து வந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் எந்தப் படிப்பும் கசக்கும். வீட்டு நினைப்பு, புரியாத ஆங்கிலம், ஒரு கடுகடுத்த ஆசிரியர், இவையெல்லாம் கடந்துபோகும். கடந்துபோகாதது எது என்பதை அவரவர்தான் அறிய முடியும். எனக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: இந்த வேலையை நன்றாகச் செய்பவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருகிறதா? பொறாமை வந்தால் இன்னும் கொஞ்சம் இரு. அவளைப் பார்த்து எதுவுமே தோன்றவில்லை என்றால் வீட்டில் பேச்சைத் தொடங்கு.

தொடங்குவதற்கு முன் காகிதத்தையும் பார்க்க வேண்டும். வங்கிக் கல்விக் கடன் பொதுவாகப் பருவம் பருவமாகத்தான் கல்லூரிக்குப் போகும். சீக்கிரம் விலகினால், அதுவரை போன தொகைக்கு மட்டுமே பொறுப்பு. நிதி நிறுவனக் கடனில் முழுத் தொகையும் முதல் நாளே போய்விடுவது உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ‘வேலை கிடைக்குமா’ மட்டுமல்ல, ‘விலகினால் எவ்வளவு திரும்பும்’ என்பதும்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் கிட்டத்தட்ட முழுதும் திரும்ப வேண்டும். அந்தக் கடைசி நாள் தாண்டி 30 நாள் வரைகூட ஒரு பகுதி திரும்ப வேண்டும், அதன் பிறகு இல்லை. இது பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும் உரியது. மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக் கதவில் விமானப் படம் ஒட்டிய நிறுவனங்களை இது தொடாது. நம் பெண்கள் அதிகம் போய்ச் சேருவது அங்கேதான். விலகும் உரிமை காகிதத்தில் இல்லாத இடத்தில் அம்மாக்களின் வளையல்தான் அந்த உரிமைக்கு விலை.

இந்த விதிகள் மாற வேண்டும் என்று கேட்பது நம் வேலை. அதுவரை வீட்டுக்குள் மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. மகள் ‘பிடிக்கவில்லை’ என்று வந்து நின்றால் ‘யார் என்ன செய்தார்கள்’ என்று கேட்பதற்கு முன்னால், அது ஒரு காரணம்தான் என்று ஏற்றுக்கொள்வது.

*

வளையல் வைத்த பெண் அடுத்த மாதம் வட்டி கட்டத் தனியாக வந்தாள். அன்று சொல்லாததை அப்போது சொன்னேன். “விடுதது தப்பில்ல. விடப்போறது தெரிஞ்சிக்கிட்டே அம்மாவ அடுத்த வளையலக் கழத்த விடுததுதான் தப்பு. இன்னைக்கே சொல்லு. சொல்லிட்டு, தவணையில உன் பங்கு எவ்வளவுன்னும் சொல்லு.” அவள் தலையாட்டினாள். சொல்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அந்த வயதில் நிறையத் தலையாட்டியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார். முகம் கடுத்திருந்தது. நான்தான் பிள்ளையைக் கெடுத்தேன் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். என்ன நடந்தது என்றோ யார் செய்தது என்றோ அவர் கேட்கவில்லை.

“மிச்சம் மொத்தமா எவ்வளவு நிக்கும்? ரெண்டு பேருமாச் சேந்து கெட்டுனா எத்தன மாசம் ஆவும்? கொஞ்சம் போட்டுச் சொல்லு தாயி.”

தவணைத் தாளை வாங்கிக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தேன்.